அமிஹான் பேட்ச்சில் ஒருவன்

ரெக்ஸன் பலாசியோ வந்து சேர்ந்த ஞாயிற்றுக்கிழமை, ரிஸ்தோ தைவானில் சோங்லி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் பெபாங் அக்கா சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்து மாட்டெலும்பைத் தட்டித் தட்டி மஜ்ஜையை எடுத்துக்கொண்டிருந்தான். வாரம் பூராவும் தொழிற்சாலை விடுதியில் எண்ணெய் மிதக்கும் நூடுல்ஸைத் தின்றவனுக்கு அந்த ஒரு கிண்ணம் சூப்தான் ஞாயிற்றுக்கிழமை. அதை அவன் யாருக்கும் பங்கு தரமாட்டான்.

அவன் கூட்டாளி தோலிட்ஸ் கதவைத் தோளால் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தான்.

"பிராட், வாயைத் துடைச்சுக்க. உன் வீட்டு ஆளைக் கூட்டிட்டு வந்திருக்கேன்."

"என் வீட்டு ஆளா?"

"உன் கிளைக்காரன்யா. என் கிளையிலேர்ந்து ஒருத்தன்கூட தைவானுக்கு வர்றதில்லன்னு மூக்கால அழுவியே. இதோ வந்துட்டான், கட்டிப்புடிச்சுக்க."

ரிஸ்தோ அப்படி ஒருநாளும் அழுததில்லை. யாரும் வந்துவிடக் கூடாது என்று வேண்டிக்கொண்டதுதான் உண்டு. எட்டு வருடமாக அந்த வேண்டுதல் பலித்தது.

பின்னால் வந்தவன் உயரமாக, சுத்தமாகச் சவரம் செய்த முகத்தோடு இருந்தான். கையை நீட்டினான். விரல்கள் மடங்கி, சுண்டுவிரல் உள்ளே நுழைந்து, கட்டைவிரல் இரண்டு முறை அழுத்தியது. தங்லாவ் சங்கத்துக்காரர்கள் கை குலுக்கும் முறை அது. ரிஸ்தோவும் பிசகாமல் திருப்பி அழுத்தினான்.

"அமிஹான் பேட்ச்," என்றான் ரெக்ஸன்.

"ஆமா."

"ரெண்டாயிரத்துப் பன்னிரண்டு."

"ஆமா பிராட்."

"உன்னை நேர்ல பார்க்கணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டிருந்தேன்." அவன் சிரித்தான். ரிஸ்தோவின் கையை மட்டும் விடவில்லை. சூப் ஆறி, மேலே கொழுப்பு வெள்ளையாகப் படிந்துவிட்டது.

உண்மையைச் சொல்லிவிடலாம். ரிஸ்தோ தங்லாவ் சங்கத்தில் சேர்ந்தவனே இல்லை. ஊரில் கல்லூரிப் பையன்கள் சேரும் சகோதர சங்கம் அது. கண்ணைக் கட்டிக் கூட்டிப்போய், மரத் துடுப்பால் தொடையில் அடிப்பார்கள். அந்த அடியைத் தாங்கி வெளியே வந்தவன் சாகும்வரை 'பிராட்'. எந்தக் கிளை, எந்தப் பேட்ச் என்று சொன்னால் போதும், உலகத்தின் எந்த மூலையிலும் அவனுக்குச் சோறும் பாயும் உண்டு. ரிஸ்தோ கல்லூரி வாசற்படியை மிதிக்காத மீனவன் மகன். அவனிடம் இருந்தது ஒரு சட்டை மட்டும்.

பெரும்புயல் அடித்து வீடு, படகு எல்லாம் போன வருடம், நிவாரண மூட்டையில் வந்த கறுப்புப் பனியன் சட்டை அது. முதுகில் தீப்பந்தம் போட்டு, கீழே கிளையின் பெயரும் 'அமிஹான் பேட்ச்' என்பதும் அச்சடித்திருந்தது. அமிஹான் என்றால் வாடைக்காற்று. நல்ல கெட்டித் துணியாக இருந்ததால் தைவானுக்கு வரும்போதும் அதை எடுத்துவந்தான். வந்த முதல் மாதம், மொழி தெரியாமல், காய்ச்சலோடு இதே ரயில் நிலையப் படிக்கட்டில் சுருண்டு கிடந்தபோது, யாரோ முதுகைத் தட்டி, "பிராட், என்ன ஆச்சு?" என்றார்கள். ஐந்தாறு பேர். ஒருவன் கையைப் பிடித்து விரல்களை மடக்கினான். அவன் விரல் போன வழியில் ரிஸ்தோவின் விரலும் போயிற்று. இல்லை என்று சொல்ல அவனுக்கு அப்போது தெம்பில்லை. காய்ச்சல் விட்ட பிறகு தைரியமில்லை.

விடுதிக்குத் திரும்பியதும் முதல் வேலையாகச் சட்டையின் இடது கையைத் திருப்பிப் பார்த்தான். அங்கே சிவப்பு நூலில், கையால் தைத்த நான்கு ஆங்கில எழுத்துகள். ஐவன். முன்னால் அந்தச் சட்டையை வைத்திருந்தவன் பேராக இருக்கும். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஊசிமுனையால் ஒவ்வொரு தையலாகப் பிரித்தான். நூல் போயிற்று. ஊசித் துளைகள் போகவில்லை.

அதற்குப் பிறகு அவன் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் திருட்டுத்தனமாக உள்ளே வந்தவன்தான் வீட்டை எல்லோரையும்விடச் சுத்தமாகப் பெருக்குவான். தோலிட்ஸின் வலது கை அச்சு இயந்திரத்தில் சிக்கி மூன்று விரல் போனபோது, ஷிப்ட் வாரியாக ஆள் போட்டு நாற்பது நாள் மருத்துவமனையில் காவல் இருக்க ஏற்பாடு செய்தது ரிஸ்தோ. பாதி நாள் அவனே சோறு ஊட்டினான். கூடைப்பந்துப் போட்டி, ரத்ததானம், செத்தவர்களின் உடலை ஊருக்கு அனுப்பக் காகித வேலை எல்லாவற்றையும் இழுத்துப் போட்டுக்கொண்டான். மூன்று வருடத்துக்கு முன்னால் அவனைத் தலைவனாக்கினார்கள். அவன் அம்மா இறந்தபோது முதலாளி விடுப்புத் தரவில்லை. அறுபது பேர் வேலை முடிந்து நேராக விடுதிச் சாப்பாட்டுக் கூடத்துக்கு வந்து, ஒன்பது நாள் ஜெபத்தையும் அவனோடு சொன்னார்கள். அந்த அம்மாவின் முகத்தை அவர்களில் யாரும் பார்த்ததுகூட இல்லை. இதையெல்லாம் இழப்பதா என்ற கேள்விதான் அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அவனை விடாமல் துரத்தியது.

அடுத்த ஞாயிறு, தேவாலயத்தில் பூசை முடிந்து கூட்டம் கலைந்ததும் ரெக்ஸன் அவன் தோளில் கைபோட்டு வாய்க்கால் பக்கம் நடத்திப்போனான்.

"உங்க பேட்ச்ல எத்தனை பேரு, பிராட்?"

எட்டு வருடமாகச் சொல்லும் பதிலை ரிஸ்தோ சொன்னான். "நாலு பேரு."

"ஒருத்தன்," என்றான் ரெக்ஸன். "அமிஹான்ல ஒரே ஒருத்தன்தான். பேட்ச்சுக்குப் பேர் வச்சவனே நான்தான்."

ரிஸ்தோ ஓடிவிடலாமா என்று வாய்க்காலைப் பார்த்தான். ரெக்ஸன் வேர்க்கடலைப் பொட்டலத்தைப் பிரித்து அவனுக்கும் நீட்டினான்.

"பயப்படாத. சாப்பிடு. உன்னை மாட்டிவிட வரல. நீ எங்களுக்குச் செஞ்ச உதவி உனக்கே தெரியாது." கடலையை மென்றபடியே சொன்னான். "ஐவன் தலுபன்னு ஒரு பையன். சட்டையை ஒரு வாரம் முன்னாடியே குடுத்துட்டேன், அதான் தப்பு. வீட்டுக்குக் கொண்டுபோய் அவங்கம்மாகிட்ட பேரைத் தைக்கச் சொல்லிப் போட்டுக்கிட்டு வந்துட்டான். அவ்வளவு சந்தோஷம் கழுதைக்கு. முதல்ல சட்டையைக் கழட்டச் சொன்னோம். அப்புறம் அடிச்சோம். எல்லாருக்கும் அடிக்கிற அதே அடிதான். அவன் எழுந்திருக்கல."

வாய்க்காலில் ஒரு கொக்கு நின்றுகொண்டிருந்தது. ரிஸ்தோ அதையே பார்த்தான்.

"பைக்லேர்ந்து விழுந்தான்னு சொன்னோம். அப்படி ஒரு பையன் எங்ககிட்ட வரவே இல்லன்னு சொன்னோம். கிளையை மூடினோம். அடுத்த வருஷம் புயலுக்குத் துணி கேட்டாங்க, அந்தச் சட்டையும் மூட்டையில போயிருச்சு. நாங்க மறந்துட்டோம். அவங்கம்மா மறக்கல. இப்ப யாரோ ஒரு காவலாளியைச் சாட்சிக்குப் பிடிச்சு வழக்கை மறுபடி கிளப்பிட்டா. அமிஹான் பேட்ச், அமிஹான் பேட்ச்னு கோர்ட்டுல கத்துறா." ரெக்ஸன் நின்றான். "அப்பத்தான் ஒருத்தன் உன் போட்டோவைக் காட்டினான். ரத்ததான முகாம். கறுப்புச் சட்டை. அமிஹான் பேட்ச் உயிரோட, சிரிச்சுக்கிட்டு, தைவான்ல தலைவனா நிக்குது. கையில பேரும் இல்ல. பிரிச்சிட்ட பாரு, அது கைவேலை. எங்களுக்கே தோணியிருக்காது."

பாராட்டித்தான் சொன்னான்.

ரெக்ஸன் சட்டைப் பையிலிருந்து மடித்த தாளை எடுத்தான். ரிஸ்தோவின் முழுப்பெயரில் அதில் இப்படி எழுதியிருந்தது: அந்த வருடம் அந்தத் தேதியில் சங்கத்தில் சேர்ந்தது எவரிஸ்தோ என்கிற நான் ஒருவனே, என்னை யாரும் அடிக்கவில்லை, சட்டை என்னுடையது, ஐவன் தலுபன் என்ற பெயரில் எவரையும் நான் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. ஆண்டுவிழாவுக்கு மறுநாளான திங்கட்கிழமை தைபேயில் நம் நாட்டு அலுவலகத்துக்குப் போய், அதிகாரி முன்னால் கையை உயர்த்திக் கையெழுத்துப் போட வேண்டும்.

"போட்டுட்டா நீ நிஜமாவே அமிஹான். ஊர்லேர்ந்து சான்றிதழே வரும். இனி எவனும் உன்னைக் கேட்க முடியாது," என்றான். "போட மாட்டேன்னு சொன்னா, அதுக்கு முந்தின நாள் ஆண்டுவிழாவுல நான் ஒரே ஒரு வார்த்தை சொல்லணும். எட்டு வருஷமா கையைக் குலுக்கி, ரகசியத்தையெல்லாம் கேட்டுக்கிட்டிருந்த வெளியாளை இருநூறு பேரும் என்ன பண்ணுவாங்கன்னு நான் சொல்லத் தேவையில்ல. நான் தடுக்கவும் மாட்டேன்."

தன் காதலி மாரிவெல்லிடம் அன்றே சொல்லிவிட்டான். அவள் ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டு வேலைக்காரி. தங்லாவ் பெண்கள் அணியில் பாட்டுப் பாடுகிறவள். அவனுக்கு அவள் கிடைத்ததே சங்கத்தால்தான். பூங்காவில் சக்கர நாற்காலியில் கிழவர் தூங்கிக்கொண்டிருக்க, அவள் முழுவதும் கேட்டாள்.

"அப்ப நீ யாருகூடச் சேர்ந்தவன்?" என்றாள் கடைசியில்.

"யாருகூடயும் இல்ல."

"என்கிட்ட ஏன் முன்னாடியே சொல்லல?"

"சொன்னா போயிருவ."

அவள் கிழவரின் போர்வையை இழுத்துவிட்டாள். "கையெழுத்துப் போடு, ரிஸ்தோ. அந்தப் பையன் போய்ச் சேர்ந்துட்டான். நமக்கு இங்க இவங்கள விட்டா வேற யாரு? எனக்கு ஒண்ணுன்னா யாரு ஓடிவருவா? போலீஸா, ஏஜென்ட்டா?" பிறகு, "நான் சொல்றது பாவம்தான். தெரிஞ்சேதான் சொல்றேன்," என்றாள்.

போட்டுவிடுவது என்றுதான் ரிஸ்தோவும் முடிவு செய்தான். அதில் மறைக்க ஒன்றுமில்லை. தைபே அலுவலகத்தில் திங்கட்கிழமைக்கு நேரமும் குறித்துவிட்டான். வாரம் முழுவதும் தாளை மனப்பாடம் செய்தான், அதிகாரி கேட்டால் திக்காமல் சொல்ல வேண்டுமே. எல்லா வரியும் வழுக்கிக்கொண்டு வந்தது, கடைசி வரியைத் தவிர. ஐவன் என்ற பெயரைக் கேட்டதே இல்லை. இந்த மண்ணில் அவனுக்கு முதலில் தெரிந்த பெயரே அதுதான். தோலிட்ஸுக்கு முன்னால், மாரிவெல்லுக்கு முன்னால். ஒரு தாய் குனிந்து போட்ட தையலை, அவன் குனிந்து பிரித்திருக்கிறான்.

சனிக்கிழமை மதியம் ஷிப்ட் முடிந்து வந்தவன் விடுதிக் கடையில் சிவப்பு நூல்கண்டு வாங்கினான். எதற்கு வாங்கினோம் என்று கட்டிலில் வந்து உட்காரும்வரை அவனுக்கே விளங்கவில்லை. சட்டையை மடியில் விரித்தான். துளைகள் தேடாமலே கிடைத்தன. ஊசி தானாகப் பழைய வழியில் போய் வந்தது.

ஆண்டுவிழா ஆற்றங்கரைப் பூங்காவில். டிசம்பர் வாடை கடலிலிருந்து நேராக அடித்துத் தோரணங்களைக் கிழித்துக்கொண்டிருந்தது. ஊரில் அந்தக் காற்றுக்குத்தான் அமிஹான் என்று பேர். இங்கே அதற்குப் பேர் வைக்க யாருக்கும் நேரமில்லை. நீள மேசையில் வாழையிலை விரித்து முழுப் பன்றியைச் சுட்டு வைத்திருந்தார்கள். பக்கத்தில் மூன்றடுக்குக் கேக், அதன் பக்கத்தில் சங்கத்தின் துடுப்பு. அடிக்க அல்ல, இங்கே யாரையும் அடிப்பதில்லை என்பது ரிஸ்தோ தலைவனானதும் போட்ட முதல் விதி. அலங்காரத்துக்கு வைத்த, வார்னிஷ் பூசிய நாலடி மரம். தோலிட்ஸ் இரண்டு விரல் கையால் கைப்பேசியைத் தூக்கிப்பிடித்து ஊர்க்காரர்களுக்கு நேரலை காட்டிக்கொண்டிருந்தான்.

"பார்த்துக்கங்க மக்களே, பன்றி எங்களைவிட நல்ல நிறமா இருக்கு. தலைவர் வர்றாரு பாருங்க, குளிர்ல கோட்டுக்குள்ள கோழி மாதிரி."

"ஒரு பொழுதாவது வாயை மூடேன்," என்றான் ரிஸ்தோ. கோட்டின் பொத்தான்களைக் கழுத்துவரை போட்டிருந்தான்.

ரெக்ஸன் அவன் காதருகே வந்தான். "நாளைக்குப் பத்து மணி ரயில். நானும் வர்றேன்."

"சரி."

ஒவ்வொரு ஆண்டுவிழாவிலும் பேர் கூப்பிடும் சடங்கு உண்டு. பேட்ச் பேரைச் சொன்னால் அந்தப் பேட்ச்காரர்கள் "இங்கே!" என்று கத்துவார்கள். எல்லாம் முடிந்ததும், இறந்துபோன பிராட் யாருடைய பேரையாவது ஒருவன் கிளையோடும் பேட்ச்சோடும் சொல்வான். அப்போது கூட்டம் மொத்தமும் அவனுக்காக "இங்கே!" என்று கத்த வேண்டும். செத்தவனுக்குப் பதில் சொல்லாமல் நிற்பதைப்போல அவமானம் அவர்களுக்கு வேறில்லை. புதிதாக வந்த மூத்தவன் என்ற மரியாதைக்கு இந்த முறை ரெக்ஸனிடம் ஒலிவாங்கியைக் கொடுத்திருந்தார்கள்.

பேட்ச் பேட்ச்சாகக் கூப்பிட்டுக்கொண்டு வந்தான். குரல்கள் காற்றில் எழுந்து அடங்கின.

"அமிஹான்!"

பதில் வரவில்லை. கூட்டம் சிரித்தது. "தலைவர் பசியில மயங்கிட்டாரு," என்றான் தோலிட்ஸ் கைப்பேசிக்குள்.

"அமிஹான்," என்றான் ரெக்ஸன் மறுபடி. இந்த முறை மெதுவாக, அவனை மட்டும் பார்த்து.

ரிஸ்தோ முன்னால் வந்தான். கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, கோட்டைப் புல்லில் போட்டான். பிறகு, ஒலிவாங்கி வேண்டாத குரலில் கூப்பிட்டான். தன் கிளையென்று எட்டு வருடமாகச் சொல்லிவந்த கிளையின் பெயர், அமிஹான் பேட்ச், பிராட் ஐவன் தலுபன்.

பழக்கம் யோசிக்க விடுவதில்லை. தொப்பிகள் கழன்றன. இருநூறு தொண்டையும் ஒன்றாகக் கத்தியது.

"இங்கே!"

வாய் திறக்காமல் நின்றவன் ரெக்ஸன் ஒருவன்தான்.

"யாரு பிராட் இது? உங்க பேட்ச்ல இறந்தது யாரு? சொன்னதே இல்லையே," என்றான் தோலிட்ஸ்.

"என் பேட்ச் இல்ல. எனக்குப் பேட்ச்சே கிடையாது." ரிஸ்தோ இடது தோளைக் கூட்டத்துக்குத் திருப்பினான். "அமிஹான் இவன் ஒருத்தன்தான். பத்தொன்பது வயசோ என்னவோ, அதுகூட எனக்குத் தெரியாது. சேர்க்கிறேன்னு கூட்டிட்டுப் போய் அடிச்சே கொன்னுட்டாங்க. அடிச்சவங்கள்ல ஒருத்தன் இப்ப உங்க பேரையெல்லாம் கூப்பிட்டான். இவன் சட்டை நிவாரண மூட்டையில என் கைக்கு வந்துச்சு. பேரைப் பிரிச்சுட்டு நான் போட்டுக்கிட்டேன். நான் தங்லாவ் இல்ல. என்னை யாரும் சேர்க்கல."

பெண்கள் பக்கம் மாரிவெல் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நேரலையை நிறுத்து," என்றான் ரெக்ஸன். குரல் உயரவில்லை. "தோலிட்ஸ், நிறுத்து. இவனே ஒத்துக்கிட்டான், வெளியாள். வெளியாள் பேச்சைக் கேட்டு ஒரு பிராடைச் சந்தேகப்படுவீங்களா? எட்டு வருஷம் உங்களை முட்டாளாக்கினவன் இவன்."

கூட்டத்தின் பின்பக்கத்திலிருந்து ஒரு முனகல் கிளம்பியது. "என் கல்யாணத்துல சாட்சி நின்னானே," என்றான் ஒருவன். "என் ரகசியத்தையெல்லாம் கேட்டானே," என்றான் இன்னொருவன். முன்வரிசையில் நின்றவர்கள் ஒரு அடி பின்னால் போனார்கள். அந்த இடைவெளியில் வேறு சிலர் முன்னால் வந்தார்கள், கோட்டின் கையைச் சுருட்டிக்கொண்டு.

தோலிட்ஸ் கைப்பேசியை நிறுத்தவில்லை. அதைத் தூக்கிப்பிடித்தபடியே ரிஸ்தோவின் அருகே வந்தான். எப்போதும் கேலி ஓடும் அந்த முகத்தில் ஒன்றுமில்லை.

"என் கை போனப்போ எனக்குச் சோறு ஊட்டினது யாரு?"

"நான்தான்."

"அப்பவும் பொய்யா?"

"சோறு பொய் இல்ல, தோலிட்ஸ்."

தோலிட்ஸின் தாடை அசைந்தது. ரிஸ்தோவுக்கு அழுகை முட்டியது. அம்மா செத்தபோது ஒன்பது நாளும் பக்கத்தில் முழங்காலிட்டவன் இவன்.

"சட்டையைக் கழட்டு," என்றான் தோலிட்ஸ். "அது உன்னோடது இல்ல."

எட்டு வருடத்தில் முதல்முறையாக அவன் பேச்சில் 'பிராட்' இல்லை.

ரிஸ்தோ தலைவழியாகச் சட்டையைக் கழற்றிக் கொடுத்தான். வாடை முதுகில் நேராக அறைந்தது. தோலிட்ஸ் சட்டையின் கையை விரித்து, சிவப்பு எழுத்துகளைக் கைப்பேசிக்கு எதிரே வெகுநேரம் பிடித்திருந்தான். ஊரில் யாரோ ஒருத்தி பார்க்க வேண்டும் என்பதுபோல, கை ஆடாமல். பிறகு சட்டையை மடித்து நெஞ்சோடு வைத்துக்கொண்டு, கேமராவை ரிஸ்தோவின் பக்கம் திருப்பாமல், அவனை விட்டு விலகி நடந்தான்.

மாரிவெல் ரிஸ்தோவின் பேரைச் சொல்லிக் கத்தியது கேட்டது. ஆட்கள் நடுவில் வந்துவிட்டதால் அவளைப் பார்க்க முடியவில்லை. கைகளை நெஞ்சில் கட்டிக்கொண்டு நின்றான். அந்தப் பையனும் இப்படித்தான், சட்டையில்லாமல், தெரிந்த முகங்களுக்கு நடுவே நின்றிருப்பான் என்று தோன்றியது. ரெக்ஸனைத் தேடினான். ஒலிவாங்கி புல்லில் கிடந்தது, அவனைக் காணவில்லை. மேசைப் பக்கம் திரும்பினான்.

பன்றி அப்படியே இருந்தது. கேக் இருந்தது. துடுப்பு இல்லை.